வகைப்பாட்டுக் கட்டுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியின் கம்போசிஷன் வகுப்பில் ‘கிளாஸிஃபிகேஷன் எஸ்ஸே’ என்று ஒரு அசைன்மென்ட் வந்ததும் மாணவர்கள் கொண்டுவரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கும் ஆள்தான் மாறுகிறார். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அதைச் சுட்டிக்காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

வகைப்பாட்டுக் கட்டுரைன்னா என்ன? "இதுல மூணு வகை இருக்கு"ன்னு பட்டியல் போட்டா போதாதா?

போதாது. நிறைய உருப்படிகள் உள்ள ஒரு தொகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும், ஏதாவது ஒரு அடிப்படையில் பிரிக்க வேண்டும், அப்படிப் பிரித்ததால் என்ன புதிதாகத் தெரிகிறது என்று வாசகருக்குக் காட்ட வேண்டும். முதல் இரண்டையும் எல்லோரும் எப்படியோ செய்துவிடுகிறார்கள். மார்க் போவது மூன்றாவதில்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே வைத்துக்கொள்வோம்: மன்னிப்பு. "மன்னிப்பு மூன்று வகைப்படும்: நேரில் கேட்பது, போனில் கேட்பது, மெசேஜில் கேட்பது" என்று ஒருவர் எழுதினால் அதில் பிழை எதுவும் இல்லை. படித்தவருக்குத் தெரியாத விஷயமும் எதுவும் இல்லை. அதையே "மன்னிப்புக் கேட்கும்போது தவறு யார் தலையில் போய் விழுகிறது" என்று பிரித்துப் பாருங்கள். "நான் செஞ்சது தப்பு" என்பதில் தவறு மன்னிப்புக் கேட்பவர் தலையில். "நெட்வொர்க் இல்ல, அதான் கூப்பிட முடியல, ஸாரி" என்பதில் சூழ்நிலை தலையில். "நான் சொன்னது உன்னைக் கஷ்டப்படுத்தியிருந்தா ஸாரி" என்பதில், கவனித்துக் கேட்டால், காயப்பட்டவர் தலையில். இதைப் படிக்கிறவர் தான் கடைசியாகக் கேட்ட மன்னிப்பு எந்த வகை என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

வகுப்புல ‘டிவிஷன் அண்ட் கிளாஸிஃபிகேஷன்’னு சேர்த்தே சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?

பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல. ஒரே பொருளை அதன் பாகங்களாகப் பிரிப்பது டிவிஷன்: ஒரு மிதிவண்டி, அதில் சட்டம், சக்கரம், சங்கிலி, கைப்பிடி. பல பொருள்களைக் குழுக்களாகச் சேர்ப்பது கிளாஸிஃபிகேஷன்: உலகத்தில் உள்ள மிதிவண்டிகள், அவற்றில் பந்தய வண்டி, மலைப்பாதை வண்டி, அன்றாட ஓட்டத்துக்கான வண்டி.

சந்தேகம் வந்தால் உங்கள் வகையின் பெயரைப் போட்டு ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். "பந்தய வண்டி ஒரு மிதிவண்டி" சரியாக வருகிறது, அது வகை. "சங்கிலி ஒரு மிதிவண்டி" என்று சொல்ல முடியாது, அது பாகம். சில ஆசிரியர்கள் இரண்டையும் ஒரே அசைன்மென்டில் ஏற்றுக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். வினாத்தாளில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

டாபிக் எப்படிப் பிடிக்கிறது? எதை யோசிச்சாலும் "நண்பர்களின் வகைகள்"லதான் போய் நிக்குது.

வகைகளை முதலில் யோசிப்பதால் அப்படி ஆகிறது. வகையைத் தேடினால் மனது ஏற்கெனவே எங்கேயோ கேட்ட மூன்றைத்தான் எடுத்துத் தரும்: உண்மையான நண்பன், சந்தர்ப்பவாத நண்பன், நடுவில் ஒருவன். அதை ஓரமாக வைத்துவிட்டு உதாரணங்களிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் நிறையப் பார்த்த, கேட்ட, செய்த ஒன்றை எடுத்து, ஒரு தாளில் பதினைந்து இருபது உதாரணங்களை வரிசை எதுவும் பார்க்காமல் எழுதுங்கள். மன்னிப்பு என்றால் நீங்கள் கேட்டவை, உங்களிடம் கேட்கப்பட்டவை, காதில் விழுந்தவை, முடிந்தவரை சொன்ன சொற்களிலேயே. அப்புறம் எவை எவை ஒன்றாகப் போகின்றன என்று பாருங்கள்.

பதினைந்து உதாரணம்கூடத் தேறவில்லை என்றால் அந்த டாபிக் உங்களுக்குச் சரிவராது என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் நூறு வந்துவிட்டால் டாபிக் ரொம்ப அகலம். ‘இசை’, ‘மனிதர்கள்’, ‘சமூக ஊடகம்’ எல்லாம் இந்த இரண்டாவது கூடையில் விழும். ‘வகுப்பில் கேட்கப்படும் கேள்விகள்’, ‘குழு அசைன்மென்டில் வேலையிலிருந்து நழுவும் வழிகள்’, ‘பதில் வராத மெசேஜ்கள்’ போன்றவை ஒரு கட்டுரைக்குள் அடங்கும்.

அளவுகோல், அடிப்படைன்னு சொல்றீங்களே, அது சரியா என்ன? வகைகளைப் பிரிச்சா அதுவே வந்துடாதா?

வராது. இந்தக் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். அளவுகோல் என்பது ஒவ்வொரு உதாரணத்திடமும் நீங்கள் கேட்கும் ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள்தான் வகைகள். கேள்வி மாறாது, பதில்தான் மாறும்.

சின்ன வயதிலேயே எல்லோரும் படித்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்து பன்னிரண்டையும் "எவ்வளவு நேரம் ஒலிக்கிறது" என்று கேட்டால் குறில் ஐந்து, நெடில் ஏழு. மெய்யெழுத்து பதினெட்டையும் "எவ்வளவு அழுத்தமாக ஒலிக்கிறது" என்று கேட்டால் வல்லினம், மெல்லினம், இடையினம், ஒவ்வொன்றிலும் ஆறு. இரண்டும் சுத்தமான வகைப்பாடு. இப்போது ஒருவர் "தமிழ் எழுத்துகள் மூன்று வகை: குறில், நெடில், வல்லினம்" என்று எழுதினால் சிரிப்பு வரும். ஆனால் "மாணவர்கள் மூன்று வகை: நன்றாகப் படிப்பவர்கள், கடைசி பெஞ்சில் உட்காருபவர்கள், விளையாட்டில் ஆர்வம் உள்ளவர்கள்" என்று எழுதும்போது யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. இரண்டிலும் தப்பு ஒன்றுதான். மதிப்பெண் ஒரு கேள்வி, உட்காரும் இடம் வேறு கேள்வி, ஆர்வம் மூன்றாவது கேள்வி. மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே ஆள் வகுப்பில் கண்டிப்பாக இருப்பார்.

அளவுகோல் மாறினால் உலகமே வேறு மாதிரி அடுக்கப்படும். 1735-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் தன் இயற்கை வகைப்பாட்டை முதலில் வெளியிட்டபோது திமிங்கலம் மீன்களோடு இருந்தது. 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில் அதைப் பாலூட்டிகளோடு சேர்த்தார். திமிங்கலம் அப்போதும் அதே கடலில்தான் நீந்திக்கொண்டிருந்தது. எங்கே வாழ்கிறது, என்ன உருவம் என்பதைவிட எப்படி மூச்சு விடுகிறது, குட்டிக்கு எப்படி உணவூட்டுகிறது என்பது முக்கியமான கேள்வி ஆனது, அவ்வளவுதான். உங்கள் கட்டுரையிலும் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது நீங்கள் எடுக்கும் முடிவு. அந்த முடிவை எடுக்காமல் எழுத உட்கார்ந்தால் பேனா பத்திக்கு ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

சரி, நல்ல அளவுகோல் எது, மொக்கை அளவுகோல் எதுன்னு எப்படித் தெரியும்?

பிரித்த பிறகு, ஒரு வகைக்குள் இருப்பவை வேறு விஷயங்களிலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மெசேஜில் வந்த மன்னிப்புகள் எல்லாவற்றுக்கும் மெசேஜில் வந்தது என்பதைத் தவிர வேறு பொது அம்சம் இல்லை. சூழ்நிலை மீது பழி போடும் மன்னிப்புகளைச் சேர்த்து வைத்தால் நீளம் அதிகம், காரணங்கள் அதிகம், ‘நான்’ என்ற சொல் குறைவு, காயப்பட்டவருக்கு ஆறுதலும் குறைவு என்று அடுத்தடுத்து கவனிக்க விஷயம் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்தால் பத்தி தானாக நிரம்பும்.

இன்னொரு வழி, இந்த வகைப்பாடு யாருக்கு, எதற்கு உதவும் என்று கேட்பது. 1901-இல் மருத்துவர் கார்ல் லான்ட்ஸ்டைனர் மனித ரத்தத்தை வகை பிரித்து வெளியிட்டார். ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் ரத்தத்தோடு கலந்தால் சில நேரம் கட்டிக்கொள்கிறது, சில நேரம் கட்டிக்கொள்வதில்லை, அது ஏன் என்ற கேள்வியிலிருந்து வந்த பிரிவு அது. அதனால்தான் யாருக்கு யார் ரத்தம் கொடுக்கலாம் என்று சொல்ல அதனால் முடிந்தது. கம்போசிஷன் வகுப்பில் உயிர் காக்கும் வகைப்பாட்டை யாரும் எதிர்பார்க்கப் போவதில்லை. ஆனாலும் "இதைத் தெரிந்துகொண்டு வாசகர் என்ன செய்வார்" என்பதற்கு ஒரு வரி பதிலாவது உங்களிடம் இருக்கட்டும்.

எத்தனை வகை வேணும்? மூணுதான் இருக்கணுமா?

மூன்று என்று சட்டம் எதுவும் இல்லை. ஆயிரம் சொல்லுக்குள் எழுதும் கட்டுரையில் மூன்று அல்லது நான்கு வகைக்குத்தான் நியாயமாக இடம் இருக்கிறது, அதனால் அந்த எண் பழக்கமாகிவிட்டது. ஆறு வகை வைத்தால் ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிதான் மிஞ்சும், மறுபடி பட்டியலாகிவிடும்.

இரண்டு வகை வைக்கலாமா என்றும் கேட்பார்கள். உயர்திணை, அஃறிணை என்று எல்லாவற்றையும் இரண்டுக்குள் அடக்கிய மொழியில் எழுதிக்கொண்டு கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இரண்டே வகை என்றால் கட்டுரை தன்னையறியாமல் ஒப்பீட்டுக் கட்டுரையாகச் சாய்ந்துவிடும், "இது இப்படி, அது அப்படி" என்று. ஆசிரியர் கேட்டது அது இல்லை என்றால் சிக்கல்.

மூணு வகை எழுதிட்டேன். நாலாவதா ஒண்ணு தோணுது, ஆனா ஒட்டுதா இல்லையான்னு தெரியல.

அளவுகோல் கேள்வியை அதனிடம் கேளுங்கள். மன்னிப்புக் கட்டுரையில் நான்காவதாக "சும்மா பேச்சுக்குக் கேட்கும் மன்னிப்பு" என்று ஒன்றைச் சேர்க்க ஆசை வரும். "சரி சரி, ஸாரி, இப்ப விடு" ரகம். அந்தத் தலைப்பில் பார்த்தால் அது ஒட்டாது. சும்மா பேச்சுக்கா, மனதாரவா என்பது நோக்கம் பற்றிய கேள்வி. நம் கேள்வி தவறு யார் தலையில் விழுகிறது என்பது. மனதார நெட்வொர்க்கைக் குறை சொல்பவரும் இருக்கிறார், பேச்சுக்கு "என் தப்புதான்" என்பவரும் இருக்கிறார்.

ஆனால் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். "சரி சரி, ஸாரி, இப்ப விடு" என்பதில் தவறு யார் தலையில் விழுகிறது? யார் தலையிலும் இல்லை. தவறு என்ற பேச்சையே எடுக்காமல் உரையாடலை மூடும் மன்னிப்பு அது. இப்படிப் பெயரை மாற்றினால் அதே கேள்விக்கு நான்காவது பதிலாக அழகாக உட்கார்ந்துவிடுகிறது. பல நேரம் உதாரணம் சரியாகத்தான் இருக்கும், அதற்கு நாம் வைத்த பெயர்தான் வேறு கேள்வியிலிருந்து வந்திருக்கும்.

ஒரே உதாரணம் ரெண்டு வகையிலயும் வருதே, என்ன பண்றது?

முதலில் அளவுகோல் கலந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். குறில், நெடில், வல்லினம் கதைதான் பாதிக்கு மேல் காரணமாக இருக்கும். அது சுத்தமாக இருந்தும் இரண்டில் வருகிறது என்றால், உதாரணமே கலப்பானது. "பஸ் லேட், ஆனா நானும் சீக்கிரம் கிளம்பியிருக்கணும்" என்ற மன்னிப்பில் பழி பாதிப் பாதி.

அப்போது எது ஓங்கி நிற்கிறது என்று முடிவு செய்து ஒரு வகையில் வைக்கலாம். அல்லது வெளிப்படையாகவே "சில மன்னிப்புகள் ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடியும்" என்று சொல்லிவிடலாம். 1802-இல் லூக் ஹவர்ட் மேகங்களைக் கீற்று, திரள், படை என்று பிரித்துப் பெயர் வைத்தபோது, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறிக்கொண்டிருப்பவற்றுக்கு இரண்டு பெயரையும் சேர்த்து இடைப்பட்ட பெயர் வைத்தார். எல்லை மங்கலாக இருப்பது குற்றம் இல்லை, அதைப் பார்க்காத மாதிரி நடிப்பதுதான் வாசகருக்கு உறுத்தும்.

எதுலயும் சேராதது ரெண்டு மூணு மிச்சம் இருக்கு. ‘மற்றவை’ன்னு ஒரு பத்தி போட்டுடலாமா?

வேண்டாம். ‘மற்றவை’ என்ற பத்தியைப் பார்த்ததும் ஆசிரியர் "இங்கே யோசிப்பதை நிறுத்திவிட்டார்" என்றுதான் படிப்பார். சுலபமான வழி, தொகுதியின் எல்லையைச் சுருக்குவது. நிறுவனங்கள் வெளியிடும் மன்னிப்பு அறிக்கைகள் உங்கள் மூன்று வகைக்குள் வரவில்லையா? "நேருக்கு நேர் பழகும் இரண்டு பேருக்கு நடுவில் கேட்கப்படும் மன்னிப்பு" என்று முன்னுரையிலேயே வரம்பு கட்டிவிட்டால் அவை வெளியே போய்விடும், யாரும் கேட்க முடியாது.

மிச்சம் இருப்பது முக்கியமான உதாரணம் என்றால், அளவுகோலையே சந்தேகப்படுங்கள். வேதியியலாளர் மெண்டலீவ் 1869-இல் தனிமங்களை அணு எடை வரிசையில் அடுக்கியபோது டெல்லூரியமும் அயோடினும் இடித்தன. எடைப்படி டெல்லூரியம் பின்னால் போக வேண்டும், பண்புப்படி முன்னால். அவர் பண்பை நம்பி முன்னால் வைத்தார், எடையைத்தான் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். எடையில் தப்பு இல்லை. 1913-இல் இயற்பியலாளர் மோஸ்லியின் ஆய்வுக்குப் பிறகு அணு எண், அதாவது அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை, அளவுகோலானது: டெல்லூரியம் 52, அயோடின் 53, சிக்கல் தீர்ந்தது. முரண்டு பிடிக்கிற ஒரு உதாரணம் சில நேரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லித்தரும்.

தீசிஸ் வாக்கியம் எப்படி எழுதறது? "இந்தக் கட்டுரையில் மூன்று வகைகளைப் பற்றிப் பார்ப்போம்"னு எழுதினா வெட்டிடுறாங்க.

வெட்டத்தான் செய்வார்கள், அது அறிவிப்பு. தீசிஸ் என்பது கட்டுரையின் மையக் கருத்தைச் சொல்லும் வாக்கியம். அதில் தொகுதி, அளவுகோல், உங்கள் கருத்து ஆகிய மூன்றும் வர வேண்டும். வகைகளின் பெயரையும் சேர்ப்பது ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தது.

வெட்டப்படும் வாக்கியம்: "மன்னிப்பு பல வகைப்படும், அவற்றுள் மூன்று முக்கியமானவை." கொஞ்சம் தேறியது: "தவறை யார் மீது சுமத்துகிறோம் என்பதைப் பொறுத்து மன்னிப்பை மூன்றாகப் பிரிக்கலாம்." தேறியது: "மன்னிப்பு எடுபடுவதும் எடுபடாமல் போவதும் எவ்வளவு வருத்தமாகச் சொன்னோம் என்பதைவிட, தவறை நம் மீதா, சூழ்நிலை மீதா, காயப்பட்டவர் மீதா, யார் மீது வைத்தோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது." கடைசி வாக்கியத்தோடு ஒருவர் சண்டை போடலாம். வருத்தம்தான் முக்கியம், சொற்கள் இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது. வாதாட இடம் இருந்தால் அது தீசிஸ்.

முன்னுரையில வேற என்ன எழுதறது?

தொகுதியை அறிமுகப்படுத்துங்கள், வரம்பு கட்ட வேண்டியிருந்தால் கட்டுங்கள், தீசிஸுக்கு வந்துவிடுங்கள். "மனிதன் ஒரு சமூக விலங்கு" என்று ஆதி காலத்திலிருந்து தொடங்க வேண்டாம். அகராதி விளக்கமும் வேண்டாம். மன்னிப்பு என்றால் என்ன என்று வாசகருக்குத் தெரியும்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு பத்தின்னு புரியுது. ஆனா நாலு வரிக்கு மேல ஓட மாட்டேங்குது.

வகையின் பெயரைச் சொல்லி, அதற்கு ஒரு விளக்கம் சொல்லி நிறுத்திவிடுவதால் ஓடவில்லை. அதே பெயரை வேறு சொற்களில் இரண்டு முறை சொன்னதோடு பத்தி முடிந்துவிடுகிறது. அடையாளம், உதாரணங்கள், முந்தைய வகையிலிருந்து வேறுபடும் இடம், விளைவு, இத்தனையும் இருந்தால் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டாவது வகைக்கு இப்படி எழுதலாம்:

"இரண்டாவது வகை மன்னிப்பில் தவறு இருக்கிறது, செய்தவரைத்தான் காணோம். ‘நெட்வொர்க் இல்லை, அதான் கூப்பிட முடியவில்லை, ஸாரி’ என்பதில் குற்றவாளி நெட்வொர்க். ‘வேலை அதிகம், மறந்துபோச்சு’ என்பதில் குற்றவாளி வேலை. முதல் வகையில் முன்னால் வந்து நின்ற ‘நான்’ இதில் வாக்கியத்துக்குள் தலைகாட்டுவதே இல்லை. காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் காயப்பட்டவர் கைக்கு வந்து சேர்வது ஒரு விளக்கம். விளக்கத்தைப் புரிந்துகொள்ளலாம், மன்னிக்க அதில் ஆள் இல்லை."

இதில் ‘முதல் வகையில்’ என்று திரும்பிப் பார்க்கும் வாக்கியத்தைக் கவனியுங்கள். அது ஒன்று இருந்தால் ‘முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக’ என்று பத்திகளைத் தூண் நட்டு நிறுத்த வேண்டியதில்லை.

எந்த வகையை முதல்ல வைக்கறது? எல்லாப் பத்தியும் ஒரே நீளம் இருக்கணுமா?

வரிசைக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், எது என்பது உங்கள் இஷ்டம். எளியதிலிருந்து சிக்கலானது, அடிக்கடி பார்ப்பதிலிருந்து அரிதானது, பாதிப்பு குறைந்ததிலிருந்து அதிகமானது என்று போகலாம். பழைய தமிழ் இலக்கண மரபில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கியிருப்பார்கள். தொடு உணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் முதலில், மனமும் சேர்ந்த மனிதர் கடைசியில், படிக்கு ஒரு புலன் கூடிக்கொண்டே போகும். எந்தப் படியையும் இடம் மாற்ற முடியாது. உங்கள் பத்திகளை மனதுக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை என்றால் வரிசைக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

நீளம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று மூன்று வரி, இன்னொன்று ஒரு பக்கம் என்றால் மட்டும் யோசியுங்கள். அந்தப் பெரிய வகைக்குள் இரண்டு வகை ஒளிந்திருக்கக்கூடும்.

வகைகளுக்குக் கவர்ச்சியா பேர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஒன்றுக்கு வைத்தால் எல்லாவற்றுக்கும் அதே தொனியில் வையுங்கள். ‘நெஞ்சைத் தொடும் மன்னிப்பு’, ‘சூழ்நிலை சார்ந்த மன்னிப்பு’, ‘ஆப்பு மன்னிப்பு’ என்று மூன்று மொழியில் மூன்று பெயர் வேண்டாம். பெயரிலேயே அளவுகோல் தெரிந்தால் உத்தமம்: ஏற்கும் மன்னிப்பு, தள்ளும் மன்னிப்பு, திருப்பும் மன்னிப்பு. தவறை ஏற்பது, தள்ளுவது, திருப்பிவிடுவது. பெயரைப் பார்த்தே என்ன கேள்வி கேட்டோம் என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

ஆட்களை வகை பிரிச்சு எழுதினேன். "ஸ்டீரியோடைப்"னு சிவப்பு மையில எழுதியிருக்காங்க. அப்ப ஆட்களைப் பத்தி எழுதவே கூடாதா?

எழுதலாம். ஸ்டீரியோடைப் என்றால் ஒரு கூட்டத்தில் உள்ள எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுவது. அதனால் ஆட்களைவிட அவர்கள் செய்வதை வகைப்படுத்துவது பாதுகாப்பு, பெரும்பாலும் உண்மையும் அதுதான். ‘மன்னிப்புக் கேட்பவர்கள் மூன்று வகை’ என்று எழுதினால் ஒருவர் காலம் முழுக்க ஒரே பெட்டிக்குள் உட்கார வேண்டும். ‘மன்னிப்பு மூன்று வகை’ என்று எழுதினால் அதே ஆள் காலையில் ஒரு வகை, மாலையில் ஒரு வகை கேட்கலாம், யாரும் புண்பட மாட்டார்கள். தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதி சொற்களில் இருக்கிறது. ‘எப்போதும்’, ‘எல்லோரும்’, ‘ஒருபோதும்’ என்பவற்றைத் தேடிப்பிடித்து ‘பெரும்பாலும்’, ‘பல நேரம்’ ஆக்குங்கள். வயது, பாலினம், ஊர், மொழி இவற்றை வைத்து குணத்தைப் பிரிக்கும் எண்ணம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே யாரோ பிரிச்ச வகைகளை எழுதலாமா? ரத்த வகை, மேக வகை மாதிரி?

அறிக்கை எழுதச் சொன்னால் எழுதலாம். கம்போசிஷன் வகுப்பில் உங்கள் சிந்தனைக்குத்தான் மார்க், அந்த வகைகளை நீங்கள் பிரிக்கவில்லையே. வேண்டுமென்றால் தெரிந்த தொகுதியை எடுத்து உங்கள் அளவுகோலை வையுங்கள். நூலகத்தில் புத்தகங்களைப் பாடவாரியாக அடுக்குவது அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசம முறை. அதே புத்தகங்களை ‘எதற்காகக் கடன் வாங்கப்படுகின்றன’ என்று நீங்கள் பிரித்தால் அது உங்கள் கட்டுரை. டியூயி பெயரைக் குறிப்பிட்டால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் ஆசிரியர் சொன்ன முறையில் குறிப்பிடுங்கள்.

ஏஐகிட்ட கேட்டா பத்து செகண்ட்ல மூணு வகை குடுக்குது. அதை எடுத்துக்கலாமா?

உங்கள் வகுப்பின் விதி என்ன என்பதை முதலில் பாருங்கள், அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. விதி அனுமதித்தாலும், அது தரும் மூன்று வகை பெரும்பாலும் எல்லோருக்கும் தோன்றும் மூன்றாகவே இருக்கும், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதேதான் கிடைத்திருக்கும். டாபிக் கேள்வியில் சொன்ன பதினைந்து இருபது உதாரணங்கள் உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன. அதிலிருந்து வரும் வகைகள் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் படிக்கச் சுவையாக இருக்கும்.

"ஸோ வாட்?"னு ஓரத்துல எழுதித் திருப்பிக் குடுத்துட்டாங்க. வகை எல்லாம் சரியாத்தான் இருக்கு. இன்னும் என்ன வேணும்?

முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வேலை விடுபட்டுவிட்டது. வகைப்பாட்டால் ஏதாவது மாற வேண்டும். புளூட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-இல் கண்டுபிடித்ததிலிருந்து ஒன்பதாவது கோள். 2006 ஆகஸ்ட் 24 அன்று சர்வதேச வானியல் சங்கம் கோள் என்பதற்கு மூன்று நிபந்தனை வைத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் ஏறக்குறைய உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தோற்றது, குறுங்கோள் ஆனது. வானத்தில் ஒரு கல்கூட நகரவில்லை, ஆனால் பாடப்புத்தகங்கள் மாறின, மக்கள் கோபப்பட்டார்கள், கோள் என்றால் என்ன என்று முதல்முறையாகப் பலர் யோசித்தார்கள்.

உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு வாசகர் எதை வேறு மாதிரி பார்ப்பார், எதை வேறு மாதிரி செய்வார்? மன்னிப்புக் கட்டுரைக்குப் பதில்: அடுத்த முறை ஒரு மன்னிப்பு ஏன் தன்னைச் சமாதானப்படுத்தவில்லை என்று அவரால் விரல் வைத்துச் சொல்ல முடியும். இந்தப் பதிலை முடிவுரைக்கு மட்டும் ஒதுக்காதீர்கள். தீசிஸில் அதன் விதை இருக்கட்டும், ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியிலும் கொஞ்சம் தலைகாட்டட்டும்.

அப்ப முடிவுரையில என்ன எழுதறது? வகைகளைத் திரும்பச் சொல்லலாமா?

மூன்று பக்கக் கட்டுரையில் வாசகர் அதற்குள் மறந்திருக்க மாட்டார். வகைகளுக்கு இடையே உள்ள உறவைச் சொல்லுங்கள்: ஒன்று இன்னொன்றாக மாறுமா, எது எப்போது எடுபடும், இடைப்பட்டவை எதைக் காட்டுகின்றன. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முழுசா எழுதி முடிச்சப்புறம்தான் அளவுகோல் கலந்துபோயிருக்குன்னு தெரியுது. நாளைக்குக் கொடுக்கணும். முதல்ல இருந்து எழுதணுமா?

வேண்டாம். உதாரணங்கள் உங்களிடம் இருக்கின்றன, வேலையில் கஷ்டமான பாதி அதுதான். அவற்றை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதி, பத்திகளை மறந்துவிட்டு, எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். எந்தப் பத்தி உங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறதோ அதன் கேள்வியையே எல்லாவற்றுக்குமான கேள்வியாக வைத்துக்கொள்வது சுருக்கு வழி. பிடித்த பத்தியில்தான் பெரும்பாலும் நீங்கள் உண்மையாகச் சொல்ல வந்தது இருக்கும்.

உதாரணங்களில் பாதிக்கு மேல் இருந்த இடத்திலேயே இருக்கும், நான்கைந்துதான் வேறு பத்திக்கு நகரும். அப்புறம் தீசிஸையும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் மாற்றுங்கள். கடைசியில் அந்த முதல் வாக்கியங்களை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். எல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்றால் பிழை திருத்தம் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம்.